வளரும் பாம்புக்கு எவ்வளவு பெரிய இரை? மலைநாட்டுக் குளிரில் அளவு பார்க்கும் முறை

பாம்புக்கு எவ்வளவு பெரிய இரையைக் கொடுக்கலாம் என்று கேட்டால், வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே விதியைத்தான் சொல்வார்கள். பாம்பின் உடல் மிகப் பருத்திருக்கும் இடத்தின் பருமனே இரையின் பருமனாக இருக்க வேண்டும். கூடினாலும் ஒன்றேகால் மடங்கைத் தாண்டக் கூடாது. விதி சரியானதே. ஆனால் பாம்பின் பெட்டிக்குள் இரவும் பகலும் போதிய வெப்பம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்லப்பட்ட விதி அது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை செல்சியஸாக உள்ள நுவரெலியாவிலோ, மழைக்காலத்தில் வெயிலைக் காண்பதே அரிதாகிவிடும் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலோ, ஒரு மின்வெட்டு போதும், அந்த அடிப்படையே இல்லாமற் போய்விட. ஆகவே இங்கு நூலாலும் தராசாலும் அளந்து முடித்த பிறகு வெப்பமானியையும் பார்த்துத்தான் இரையின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

இங்கே கூறப்படுவன கோர்ன் ஸ்நேக், போல் பைதன் ஆகிய இரண்டு வகைகளுக்கானவை. முன்னது ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது; பின்னது மேற்கு, மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்தது. தேயிலைச் செடிக்கடியிலோ லயத்தின் பின்புறக் கானிலோ அகப்பட்ட நம் நாட்டுப் பாம்பை வைத்து வளர்ப்பதற்கு இது வழிகாட்டி அன்று. இந்நாட்டுக் காட்டுயிர்கள் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. வெளிநாட்டு ஊர்வனவற்றைக் கொண்டுவருவதற்கும் முறையான அனுமதி வேண்டும் என்பதால், பாம்பு வாங்கும் எண்ணம் எழுந்த உடனேயே வனசீவராசிகள் திணைக்களத்தில் விசாரித்துத் தெளிவது நல்லது.

அளப்பது எப்படி

பாம்பின் தலையைப் பார்த்து இரையைத் தீர்மானிப்பது புதியவர்கள் வழமையாகச் செய்வது. தலை இதற்கு அளவுகோல் ஆகாது. பாம்பின் கீழ்த்தாடை இரு பாதிகளாக இருக்கிறது. அவை முன்புறத்தில் எலும்பாக ஒட்டாமல், நீண்டு கொடுக்கும் தசைநாரால் மட்டும் இணைந்திருப்பதால் தனித்தனியே விலகி நகரக்கூடியவை. தாடையைத் தாங்கும் எலும்பும் மண்டையோட்டோடு இறுகப் பொருந்தாமல் அசைந்து கொடுப்பதால், தன் தலையைவிடப் பல மடங்கு பெரிய எலியையும் பாம்பினால் விழுங்கிவிட முடியும். ஆனால் விழுங்க முடிவது வேறு, செரிக்க முடிவது வேறு. பெரிய எலியைப் பாம்பு சிரமமின்றி விழுங்கியதைப் பார்த்து, அளவு சரியாக இருந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தையல் நூல் ஒன்று இருந்தாலே பருமனை அளக்கலாம். பாம்பு பசியின்றி அமைதியாக இருக்கும் வேளையில், உடல் மிகப் பருத்திருக்கும் நடுப்பகுதியில் நூலை இறுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் பேனையால் அடையாளம் இட வேண்டும். அதே நூலைப் பனி இளகிய எலியின் தோளுக்குப் பின்னால், வயிறு அகன்றிருக்கும் இடத்தில் சுற்றினால் கணக்குப் போடும் தேவையே இல்லாமல் விடை கிடைத்துவிடும். அடையாளம் நூல்முனையோடு பொருந்தினாலோ, நூல் சிறிது மிஞ்சினாலோ அந்த எலியைக் கொடுக்கலாம். நூல் எட்டாமல் விரலளவு இடைவெளி விழுந்தால், அது பெரிய பாம்புக்குரிய இரை. எலியின் வாலும் கால்களும் மடங்கிக்கொள்வன. அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

நூல் மட்டும் போதாது. எடையும் தெரிய வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை இலத்திரனியல் தராசு போதுமானது. ஆனால் சமையலுக்குப் பயன்படுவதையே எடுத்துவராமல் பாம்புக்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். மூடியுள்ள இலேசான பிளாஸ்டிக் பெட்டியைத் தராசில் வைத்துச் சுழியமாக்கிவிட்டு, பாம்பை உள்ளே விட்டு மூடி எடையைக் குறித்துக்கொள்ளலாம். விழுங்கிய எலி வயிற்றில் இருக்கும்போது எடுத்த எடை பாம்பின் எடை ஆகாது என்பதால், மலம் கழித்த பின்னரோ அடுத்த இரைக்குச் சற்று முன்னரோ நிறுப்பதே முறை. குஞ்சுகளை இரு வாரத்துக்கு ஒருமுறையும், ஓரளவு வளர்ந்தவற்றை மாதம் ஒருமுறையும் நிறுத்தால் போதும்.

எடைக்கேற்ற எலி

இரைகள் விற்பனையில் பிங்கி, ஃபஸி, ஹொப்பர் என்ற பெயர்களால் அறியப்படுகின்றன. உரோமம் முளைக்காத, பிறந்து சில நாளேயான சுண்டெலிக் குஞ்சு பிங்கி. அதன் எடை 1 முதல் 3 கிராம் வரை. மெல்லிய உரோமம் படர்ந்தது ஃபஸி; 3 முதல் 6 கிராம். கண் திறந்து துள்ளத் தொடங்கியது ஹொப்பர். 7 முதல் 12 கிராம். முழுதாக வளர்ந்த சுண்டெலி 20 முதல் 30 கிராம் வரை இருக்கும். வெள்ளை எலியின் குஞ்சுகள் இவற்றைவிடப் பெரியவை. பிறந்த எலிக்குஞ்சே 5 கிராமுக்கு மேல் இருக்கும். பெயர்களை நம்பி வாங்குவதைவிட நிறுத்து வாங்குவதே மேல். ஒரு வளர்ப்பாளர் ஹொப்பர் என்று கட்டித் தருவது இன்னொருவரின் ஃபஸியாக இருக்கலாம்.

பொதுவான கணக்கு இது: வளரும் பருவத்தில் இரையின் எடை பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீதம், வளர்ந்த பின் அதைவிடக் குறைவு.

முட்டையிலிருந்து வெளிவரும் கோர்ன் ஸ்நேக் குஞ்சு பெரும்பாலும் 6 முதல் 8 கிராம் எடையுடையது. அதற்குப் பிறந்த அன்றைய பிங்கி ஒன்றைக் கொடுத்தாலே 20 சதவீதத்தை எட்டிவிடும். அதனிலும் சிறிய முழு இரை கிடைக்காது என்பதால், இந்தப் பருவத்தில் மட்டும் கணக்குச் சற்று நெகிழ்கிறது. 15 கிராமைத் தாண்டியதும் பெரிய பிங்கி ஒன்றோ சிறியவை இரண்டோ கொடுக்கலாம். 30 கிராமில் சிறு ஃபஸி, 70 முதல் 90 கிராமில் ஹொப்பர், 100 கிராமுக்கு மேல் பால் மறந்த சுண்டெலி, 250 கிராமுக்கு மேல் வளர்ந்த சுண்டெலி என்று படிப்படியாக ஏறலாம். பெரும்பாலான கோர்ன் ஸ்நேக்குகளுக்கு வாழ்நாள் முழுவதும் சுண்டெலியே போதும். வெள்ளை எலிக்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை.

போல் பைதன் குஞ்சு 50 முதல் 70 கிராம் எடையுடன் வெளிவருகிறது. எனவே அது பிங்கியில் தொடங்குவதில்லை; ஹொப்பரோ பிறந்த எலிக்குஞ்சோ அதன் முதல் இரையாகலாம். 200 கிராமில் 20 முதல் 30 கிராம் எடையுள்ள எலிக்குஞ்சும், 500 கிராமில் 50 கிராம் எலியும் பொருந்தும். அட்டவணைகளை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் திருப்பம் இதற்கு அடுத்தாற்போல் வருகிறது. 500 கிராமைத் தாண்டிய பின் சதவீதம் 10 இலிருந்து மெல்ல மெல்ல இறங்கி, ஒரு கிலோ ஆகும்போது 5 முதல் 7 ஆகிவிடுகிறது. அதாவது பாம்பின் எடை இரு மடங்காகும் அந்தக் காலம் முழுவதும், ஏறத்தாழ அதே 50 முதல் 70 கிராம் எலிதான். பாம்பு பெரிதாகிவிட்டதே என்று எலியையும் இரு மடங்காக்குபவர்கள்தான் பிற்பாடு கொழுத்த பாம்பை வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள்.

எப்போது அடுத்த அளவுக்கு ஏறுவது

நூலும் தராசும் சம்மதித்தாலும் பாம்பிடமும் கேட்க வேண்டும். கொடுத்த இரையை விரைவாக விழுங்கி, மறுநாளே வயிற்றில் புடைப்பு எதுவும் தெரியாமல், இரண்டு மூன்று நாட்களிலேயே பெட்டிக்குள் இரை தேடி அலையத் தொடங்கினால், இரை சிறியதாகிவிட்டது என்று கொள்ளலாம். இரு முறை நிறுத்தும் எடை ஏறாமலிருப்பதும் அதே செய்திதான். இரை உண்ட மறுநாள் பாம்பின் நடு உடலில் மெல்லிய புடைப்புத் தெரிந்து, இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடுவது பொருத்தமான அளவுக்கு அடையாளம். புடைப்பின் மேல் செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று அகன்று, இடையே தோல் பட்டை பட்டையாகத் தெரிந்தாலோ, நான்கைந்து நாளாகியும் புடைப்பு வடியாவிட்டாலோ அந்த இரை மிகப் பெரியது. அல்லது பெட்டி மிகக் குளிரானது.

ஏறும்போது ஒவ்வொரு படியாகவே ஏற வேண்டும். இரு அளவுகளுக்கு இடையில் நிற்கும் பாம்புக்குப் பெரியது ஒன்றைவிடச் சிறியவை இரண்டைக் கொடுப்பது நல்லது. அதற்காகப் பிங்கியிலேயே மாதக்கணக்கில் நிற்கவும் கூடாது. எலும்பு இறுகாத பிங்கியில் கல்சியம் குறைவு. வளரும் பாம்புக்கு எலும்பும் உரோமமும் உள்ள முழு இரை தேவை.

புதிய அளவைப் பாம்பு மறுத்தால் உடனே அளவின் மேல் பழி போட்டுவிடக் கூடாது. போல் பைதனின் உதடுகளில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன; குளிர்ந்த எலியை அது இரையாகவே மதிக்காமல் விடலாம். 16 பாகை வெப்பமுள்ள ஓர் அறையில், சுடுநீரிலிருந்து எடுத்த எலி சில நிமிடங்களிலேயே ஆறிவிடுகிறது. பெட்டிக்கருகிலேயே சுடுநீரை வைத்து எலியைச் சூடாக்கி, கடதாசியால் நன்றாகத் துடைத்து, நீள இடுக்கியால் உடனே நீட்டினால், முன்பு மறுத்த அதே எலியைப் பாம்பு பாய்ந்து பிடிப்பதைக் காணலாம். கண்கள் பால் படிந்தாற்போல் மங்கியிருக்கும் சட்டை உரிக்கும் காலத்தில் மறுப்பது இயல்பானது. அப்போது இரை நீட்டாமலிருப்பதே நலம்.

குளிர் எங்கே குறுக்கிடுகிறது

பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. செரிமானத்துக்கு வேண்டிய வெப்பம் வெளியிலிருந்து வர வேண்டும். போல் பைதனின் பெட்டியில் சூடான பக்கம் 31 முதல் 33 பாகையும், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 பாகையும் இருக்க வேண்டும். கோர்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 29 முதல் 31 பாகை போதும். குளிர்ந்த பக்கம் 22 வரை இறங்கினாலும் அது தாங்கிக்கொள்ளும். தன் தாயகத்திலேயே குளிர்காலத்தை அறிந்த பாம்பு அது. மலைநாட்டில் பாம்பு வளர்க்க விரும்புபவர் கேட்டால் நான் கோர்ன் ஸ்நேக்கைத்தான் சொல்வேன்.

பாம்பு எலியை மெல்லுவதில்லை, முழுதாக விழுங்குகிறது. செரிமான அமிலம் எலியின் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிக் கரைத்துக்கொண்டு போகிறது. எலி எவ்வளவு தடிப்போ, நடுப்பகுதியை அடைய அவ்வளவு காலம் எடுக்கும். தடித்த விறகு வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்பதைப் போன்ற நிலை இது. பெட்டி சூடாக இருந்தால் அமிலம் முந்திக்கொள்கிறது. குளிர்ந்துவிட்டால் அமிலத்தின் வேலை தளர்ந்து, எலியின் குடலிலேயே உள்ள நுண்ணுயிர்கள் உள்ளிருந்து அழுகலைத் தொடங்கிவிடுகின்றன. வாயு சேர்ந்து வயிறு உப்பிய பாம்பு, அதைக் கக்குவதைத் தவிர வேறு வழியற்றுப் போகிறது. அதே எடையைச் சிறிய எலிகள் இரண்டாகக் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றின் நடுப்பகுதியும் மேற்புறத்துக்கு அருகில் இருப்பதால், அமிலம் விரைவில் உட்புகுந்திருக்கும். மலைநாட்டுக்காரர் மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு இதுதான்: மொத்த எடை அல்ல, ஒவ்வோர் இரையின் தடிப்பே குளிரில் ஆபத்தைக் கூட்டுகிறது.

பெரிய இரை பாம்பின் உடலுக்கு எவ்வளவு வேலை வைக்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை உண்டபின் 48 மணித்தியாலத்துக்குள் அதன் இதயத்தின் கீழறைத் திணிவு 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. குடலும் ஈரலும் சிறுநீரகமும் அவ்வாறே பெருக்கின்றன. இவ்வளவும் நடக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் வெப்பம் தவறவே கூடாது.

எனவே இரை நாளைத் தேர்ந்தெடுப்பதும் இரையின் அளவைத் தேர்ந்தெடுப்பதில் அடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்திலும், ஆண்டிறுதி வடகிழக்கு மழையில் பதுளை, பண்டாரவளைப் பக்கத்திலும் மரம் முறிந்து மின்கம்பியில் விழுவது வழமை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததையும் மறந்துவிட முடியாது. காற்றும் மழையும் கடுமையாகும் என்று அறிவித்தலோ, மின் தடை பற்றிய அறிவித்தலோ வந்தால் இரையைத் தள்ளிப்போட வேண்டும். நலமாக வளரும் பாம்புக்கு ஒருவார இரை தவறுவதால் கேடு எதுவும் இல்லை. வயிற்றில் எலியோடு குளிரில் கிடப்பதுதான் கேடு. சனவரி, பெப்ரவரியில் புல்வெளியில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகும் இரவுகளில், வெப்ப விரிப்பு வேலை செய்தாலும் பெட்டியின் காற்று குளிர்ந்தே இருக்கும். அந்த வாரங்களில் வழமையான அளவில் பாதியையே கொடுத்து, அடுத்த இரைக்கு இரண்டு மூன்று நாட்கள் கூடுதலாக விட வேண்டும்.

பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடித் தொட்டி வெப்பத்தை விரைவில் இழக்கிறது. மரப்பெட்டி தாங்கிப் பிடிக்கிறது. கண்ணாடித் தொட்டிதான் இருக்கிறது என்றால், அதன் மூன்று பக்கங்களுக்கும் வெளியே ரெஜிபோம் பலகை ஒட்டலாம். வெப்ப விரிப்பைக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் செருகக் கூடாது. பாம்புக்கு வயிற்றுப் புறத்தில் சுட்டாலும் உடனே விலகத் தெரியாது. வெப்பமானியின் முனை பாம்பு படுக்கும் தரையில் இருக்க வேண்டும்; சுவரில் தொங்கும் வெப்பமானி அறையின் குளிரைத்தான் சொல்லும். இரை கொடுத்த இரவில் மின்சாரம் போய்விட்டால், சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் ஓர் ஓரமாக வைத்து, பெட்டியின் மேல் கம்பளியைப் போர்த்திவிடலாம். காற்றுத் துளைகளை மட்டும் மறைக்கக் கூடாது.

எலியை எங்கிருந்து பெறுவது

அளவு சரியாக இருக்கிறதே என்று வீட்டுப் பொறியில் விழுந்த எலியையோ கூரையில் பிடித்த பல்லியையோ கொடுக்கவே கூடாது. நம் நாட்டில் எலிக்காய்ச்சல் பரவலான நோய். காட்டெலியையும் வீட்டெலியையும் கையாளும் மனிதருக்கே அதனால் ஆபத்து. பாம்புக்கு ஒட்டுண்ணிகளும், எலி முன்பே தின்றிருக்கக்கூடிய எலிப்பாஷாணமும் வந்து சேரும். உணவுக்கென்றே வளர்த்து, கொன்று, உறையவைத்த எலிகளே பாதுகாப்பானவை. உயிருள்ள எலி, அளவில் பொருத்தமானதாக இருந்தாலும், பசியற்ற பாம்பைக் கடித்துக் கிழித்துவிடக்கூடும்.

உறைந்த எலியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் ஓர் இரவு வைத்து இளகவிட்டு, பிறகு உறையிலிட்டு ஏறத்தாழ 40 பாகைச் சுடுநீரில் ஊறவைக்க வேண்டும். எலியின் வயிற்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெல்ல அழுத்திப் பார்க்கும்போது உள்ளே கட்டியாக எதுவும் தட்டுப்படாமல் முழுவதும் மெத்தென்று அமுங்க வேண்டும். வெளியே சூடாக இருந்து நடுவில் பனிக்கட்டி நின்றால், அளவில் எவ்வளவு பொருத்தமான எலியும் கக்கப்படும். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் ஒரு பகுதி வெந்தும் மறுபகுதி உறைந்தும் போகும். எலி வெடிக்கவும் கூடும்.

கக்கிவிட்டால்

கக்கிய பாம்பு பசித்திருக்கும் என்று மறுநாளே இரை கொடுப்பது மிகப் பெரிய தீங்கு. இரையோடு செரிமான அமிலமும் வெளியேறி, உணவுக்குழல் புண்ணாகியிருக்கும். சுத்தமான நீரை மட்டும் வைத்து, வெப்பநிலையைச் சரிபார்த்து, 10 முதல் 14 நாட்கள் பாம்பைத் தொடாமல் விட வேண்டும். அதன்பின் கொடுக்கும் முதல் இரை, கக்கியதில் பாதியளவோ அதனிலும் சிறியதோ ஆக இருக்க வேண்டும். அது தங்கினால் மேலும் இரண்டு மூன்று முறை அதே அளவையே கொடுத்து, பிறகே மெல்ல ஏற வேண்டும். இரண்டாம் முறையும் கக்கினால் அது அளவைப் பற்றிய விடயம் அன்று. மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். மலைநாட்டவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. போகும்போது எடைக் குறிப்பையும் கடைசியாகக் கொடுத்த இரையின் எடையையும் எடுத்துச் செல்வது பயன்தரும். எந்த இரைக்குப் பின்னும் 48 மணித்தியாலம் பாம்பைக் கையில் எடுக்காமலிருந்தால், கக்குவதற்கான காரணங்களில் ஒன்றாவது குறையும்.

வளர்ச்சி தளரும்போது

குஞ்சுக் கோர்ன் ஸ்நேக்குக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறையும், வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறையும் இரை போதும். இளம் போல் பைதனுக்கு வாரம் ஒருமுறை. வளர்ந்ததற்கு இரு வாரம் முதல் நான்கு வாரம் வரை இடைவெளி விடலாம். வீட்டுப் பெரியவர்கள் வயிறு நிறையப் போட்டால்தானே வளரும் என்று சொல்வது பிள்ளைக்குப் பொருந்தலாம், பாம்புக்குப் பொருந்தாது. உடலை வளைக்கும்போது பக்கங்களில் தோல் மடிந்து பிதுங்குவதும், நேராகப் படுத்திருக்கும்போதே செதில்களுக்கு இடையில் தோல் தெரிவதும், மலவாய்க்குச் சற்று முன்னால் உடல் தடித்து வால் திடீரென்று ஒடுங்குவதும் கொழுப்பின் அறிகுறிகள். அப்படியான பாம்பைப் பட்டினி போடாமல், ஒரு படி சிறிய எலியைக் கொடுத்து இடைவெளியைக் கூட்டுவதே முறை. முதுகெலும்பு கூரைபோல் எழுந்து நிற்கும் மெலிந்த பாம்புக்கும் சிறிய இரையில்தான் தொடங்க வேண்டும். மெலிந்ததென்று முதல் நாளே பெரிய எலியை நீட்டினால் அதைக் கக்கி மேலும் மெலியும். இடைவெளியைக் குறைத்துச் சிறியவற்றை அடிக்கடி கொடுத்து, தராசு இரு முறை ஏற்றம் காட்டிய பிறகு அடுத்த அளவுக்குப் போகலாம்.